தோல் கிழியாமல் சுட எந்தத் தோட்டா?

சுட்ட கொயோட்டியை (ஓநாயைவிடச் சிறிய, வட அமெரிக்கக் காட்டுநாய் வகை) தோலுரித்துப் பலகையில் மாட்டும்போது, உரோமம் உள்ளேயும் சதைப்பக்கம் வெளியேயும் இருக்கும்படிதான் முதலில் மாட்டுவார்கள். அந்தச் சதைப்பக்கத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால், எப்படிப்பட்ட குண்டு, எந்தக் கோணத்தில் பட்டது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு விலாவில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு துளை. மறு விலாவில் கைமுஷ்டி நுழையும் கிழிசல், அதைச் சுற்றி ரத்தம் கட்டிக் கறுத்த வளையம், வளையத்துக்குள் எலும்புச் சில்லுகள் குத்திய பொடித் துளைகள். பலகையில் இழுக்க இழுக்க அந்தக் கிழிசல் இன்னும் அகலும்.

மறு விலாவை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி. கடைக்குப் போனால் .223 (இந்த எண் ஏறக்குறையக் குண்டின் விட்டம், அங்குலத்தில்) ரைஃபிள் ஒன்றுக்கே வரிசையாகத் தோட்டாப் பெட்டிகள் இருக்கும். எல்லாப் பெட்டியிலும் கொயோட்டி படம் போட்டிருக்கும். எதை எடுப்பது?

நான் பேசுவது வட அமெரிக்காவைப் பற்றி: மொன்டானா, வயோமிங், நெவாடா, வடக்கே சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா. அங்கே கொயோட்டி, செந்நரி, பாப்கேட் என்னும் காட்டுப்பூனை போன்ற உரோம விலங்குகளைக் குளிர்காலத்தில் சட்டப்படி வேட்டையாடித் தோலை விற்கிறார்கள். உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம், மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பாப்கேட் தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப சைட்டிஸ் (காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அடையாள வில்லை வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரி வேட்டையே குற்றம். ஆகவே இது, கனடாவிலோ அமெரிக்காவிலோ உரிமம் எடுத்துப் பனிக்காலத்தில் வேட்டைக்குப் போகத் தொடங்கியவர்களுக்கும், அந்த வேட்டை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும்.

தோல் சந்தை இப்போது நல்ல நிலையில் இல்லை. வட அமெரிக்காவின் பெரிய ஏல நிறுவனமான நாஃபா 2019இல் கடனில் மூழ்கியது. குளிர்கால மேலங்கிகளின் தலைமூடி ஓரத்துக்குக் கொயோட்டித் தோலை வாங்கிவந்த கனடா கூஸ் நிறுவனம், உரோமப் பயன்பாட்டை நிறுத்தப்போவதாக 2021இல் அறிவித்தது. அப்புறம் கொயோட்டி விலை விழுந்தது. விலை விழுந்த சந்தையில் வாங்குகிறவருக்குப் பொறுக்கியெடுக்க நேரம் நிறைய இருக்கும். கிழிந்த தோலை ஓரமாக ஒதுக்கிவிடுவார். அதனால் இப்போதுதான் குண்டைப் பற்றிக் கூடுதலாக யோசிக்க வேண்டும். பணத்தை விடுங்கள், ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் தோலையும் பாழாக்குவது எனக்கு ஒப்பாத காரியம்.

ஓட்டை பெரிதாவது எதனால்

பெரிய காலிபர் (குண்டின் விட்டம்) பெரிய ஓட்டை போடும், சின்னது சின்ன ஓட்டை போடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். .17 குண்டின் விட்டம் 4.4 மில்லிமீட்டர், .223 குண்டின் விட்டம் 5.7 மில்லிமீட்டர். உள்ளே போகும் துளையில் இந்த வித்தியாசத்தைத் தோல் வாங்குகிறவர் கண்டுபிடிக்கவே முடியாது. ஓட்டையின் அளவைத் தீர்மானிப்பது, குண்டு தன் சக்தியை எந்த இடத்தில் செலவழிக்கிறது என்பதுதான்.

மூன்று இடங்களில் செலவழிக்கலாம். நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலில் உடைந்து அங்கேயே நின்றுவிட்டால் விலங்கு நின்ற இடத்தில் விழும், தோலில் ஒரே ஒரு சின்னத் துளை. பாதி விரிந்து மறுபக்கம் வெளியேறினால், போகும்போது விலா எலும்பையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். முஷ்டி அளவுக் கிழிசல் அப்படித்தான் வருகிறது. மூன்றாவது, தோள் எலும்பில் பட்டதும் மேலேயே வெடித்துவிடுவது. அங்கத்திய வேட்டைக்காரர்கள் இதை ஸ்ப்ளாஷ் என்பார்கள். இதுதான் இருப்பதிலேயே மோசம். தோலில் பெரிய பள்ளம் விழும், உள்ளுறுப்பு ஒன்றுக்கும் சேதம் இருக்காது, விலங்கு வேதனையோடு ஓடிவிடும்.

ஒரே குண்டு இந்த மூன்றையும் செய்யும். எதைச் செய்யும் என்பது படும் நேரத்து வேகத்தைப் பொறுத்தது. .223இல் 55 கிரெய்ன் பாலிமர் முனைக் குண்டை எடுத்துக்கொள்வோம் (55 கிரெய்ன் என்பது 3.6 கிராம்). குழல் வாயில் நொடிக்கு 3240 அடி. 100 கஜத்தில் ஏறக்குறைய 2850, 200 கஜத்தில் 2500, 300 கஜத்தில் 2170. மெல்லிய உறை கொண்ட அந்தக் குண்டு 60 கஜத்தில் நெஞ்சுக்குள் தூள்தூளாகிவிடும். 250 கஜத்தில் அதே குண்டு நிதானமாக விரிந்து மறுபக்கம் போய்விடலாம். பக்கத்தில் சுட்டால் சேதம் அதிகம், தூரத்தில் சுட்டால் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். வெளியேறும் ஓட்டையைப் பொறுத்தவரை இது தலைகீழாகவும் நடக்கும்.

ஆகவே "எந்தக் காலிபர் நல்லது" என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் உண்மையில் எவ்வளவு தூரத்தில் சுடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஊதல் ஊதிக் கொயோட்டியை அருகே கூப்பிட்டு, புதர் ஓரத்தில் உட்கார்ந்து சுடுகிறவருக்குப் பெரும்பாலும் 50 முதல் 150 கஜம். அறுவடை முடிந்த கோதுமை வயலில் கொயோட்டி பார்க்கிறவருக்கு 200, 300. இந்த இரண்டு பேருக்கும் ஒரே தோட்டாவைப் பரிந்துரைக்க முடியாது.

ஃபுல் மெட்டல் ஜாக்கெட் வேண்டாம்

புதிதாக வருகிறவர்களின் முதல் யோசனை இதுவாகத்தான் இருக்கும். குண்டு முழுக்கச் செம்பு உறை போர்த்தியது, விரியாது, அதனால் உள்ளே ஒரு சின்னத் துளை, வெளியே ஒரு சின்னத் துளை, இரண்டையும் தைத்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. விலையும் குறைவு.

நடப்பது வேறு. .223இல் வரும் சாதாரண 55 கிரெய்ன் முழுஉறைக் குண்டு, வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2700 அடிக்கு மேல் இருக்கும்போது உடலுக்குள் புரண்டு, உறையின் இடுப்புப் பள்ளத்தில் முறிந்து, துண்டுகளாகச் சிதறக்கூடும். அதாவது நூறு கஜத்துக்குள் அது சின்னத் துளை போடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த வேகத்துக்குக் கீழே வந்தால் சின்னத் துளைதான் போடும், ஆனால் அதுவே பிரச்சினை: நுரையீரலில் துளை விழுந்த கொயோட்டி வயல் தாண்டி, ஓடை தாண்டி எங்கோ போய்ச் சாகும். தோலும் கிடைக்காது. குளிரில் மணிக்கணக்காக ஒரு விலங்கு துடித்ததற்கு நாம் காரணமாகியிருப்போம். சில இடங்களில் இந்த வகைக் குண்டை வேட்டைக்குப் பயன்படுத்தவே விதி இடம் தராது.

இன்னொன்றும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் மண் உறைந்து கல்லாகிக் கிடக்கும். தவறிய முழுஉறைக் குண்டு அதில் பட்டுத் தெறித்து எங்கு போகும் என்று சொல்ல முடியாது. பண்ணை நிலத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், அடுத்த மேட்டுக்குப் பின்னால் மாடுகள் இருக்கின்றன, வீடு இருக்கிறது. மெல்லிய உறைக் குண்டு பெரும்பாலும் தரையில் பட்டவுடனேயே பொடியாகிவிடும். நிலத்துக்காரர் அடுத்த வருடமும் உங்களை உள்ளே விட வேண்டுமென்றால் இது சின்ன விஷயம் இல்லை.

முழுஉறைக் குண்டுக்கு உரிய இடம் வேறு உண்டு. ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்தில் மர உச்சியில் அமரும் பெரிய காட்டுக்கோழியை இறைச்சி சேதமாகாமல் சுட இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மெதுவான .22 மேக்னம் தோட்டாவில் 40 கிரெய்ன் முழுஉறைக் குண்டு போட்டு, கிட்டத்தில் நரியை அசையாமல் நிற்கும்போது சுடுகிற பழைய ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் கை பழகிய கை. புதியவர் அதைப் பார்த்துத் தொடங்கக் கூடாது.

மானுக்கான குண்டும் மெல்லிய குண்டும்

மானுக்காகச் செய்யப்பட்ட கெட்டியான சாஃப்ட் பாயிண்ட் (முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு), முழுச் செம்புக் குண்டு ஆகியவற்றை ஆதரிக்கிறவர்கள் உண்டு. குண்டு சிதறாமல் போகும், இரண்டு பக்கமும் ஓட்டை விழும், ஆனால் வெளியேறும் ஓட்டை ஓரளவுக்கு மேல் போகாது, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அவர்கள் வாதம். 15 முதல் 20 கிலோ எடையுள்ள கிழக்குப் பகுதிக் கொயோட்டி, அதுவும் கோணலாக நிற்கும்போது, இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேற்கில் 10, 12 கிலோ கொயோட்டிக்கும், 4, 5 கிலோ நரிக்கும் இது ஒத்துவராது. பனிக்கால உரோமத்துக்குள் நரியின் உடல் வெளியே தெரிவதில் பாதிதான் இருக்கும். அவ்வளவு சின்ன நெஞ்சுக்குள் கெட்டியான குண்டு நிற்க இடமே இல்லை. நரித் தோலோ மிக மெல்லியது. கொயோட்டித் தோல் தாங்கும் கிழிசலை அது தாங்காது.

என் தேர்வு மெல்லிய உறை, பாலிமர் முனைக் குண்டுகள்தான். ஹார்னடியின் வி-மேக்ஸ், நாஸ்லரின் வார்மின்ட் (சிறு விலங்கு வேட்டைக்கான) வகை பாலிஸ்டிக் டிப், சியெர்ராவின் பிளிட்ஸ்கிங், மூன்றும் ஒரே குடும்பம். முனையில் பிளாஸ்டிக், உள்ளே ஈயம், வெளியே மெல்லிய செம்பு உறை. படும்போது பிளாஸ்டிக் முனை பின்னால் தள்ளப்பட்டு ஈயத்தை ஆப்படித்ததுபோல் பிளக்கும். மூன்றுக்கும் நடுவில் எது மேல் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் குழலுக்கு எது ஒரே இடத்தில் கூடி விழுகிறதோ அதுதான் மேல்.

இவற்றில் சறுக்கும் இடம் எடைத் தேர்வு. "இருப்பதிலேயே லேசான, இருப்பதிலேயே வேகமான குண்டு உள்ளேயே நின்றுவிடும்" என்று ஒரு பேச்சு உண்டு. நிற்கும், உண்மை. ஆனால் தோள்பட்டையில் பட்டால் ஸ்ப்ளாஷ். .204 ரூகரில் இது பளிச்சென்று தெரியும். அதன் 32 கிரெய்ன் குண்டு குழல் வாயில் நொடிக்கு 4225 அடி வேகம். விலா எலும்புக்கு நடுவில் போனால் அபாரமான வேலை. அரைக் கையளவு முன்னால் தோளில் பட்டால் தோலும் போச்சு, கொயோட்டியும் போச்சு. அதே துப்பாக்கியில் 40 கிரெய்ன், 3900 அடி. வேகம் சற்றுக் குறைவு, ஆனால் தோளில் பட்டாலும் உள்ளே போகும் அளவுக்கு எடை இருக்கிறது, காற்றிலும் குறைவாகவே விலகும். கொயோட்டிக்கு .204 என்றால் 40 கிரெய்ன்தான் வாங்க வேண்டும். 32ஐ நரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொடியாகும் குண்டை விரும்புகிறவர்கள் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். குண்டின் ஈயம் முழுவதும் அந்த உடலுக்குள்ளேயே பொடியாகத் தங்கிவிடுகிறது. தோலை எடுத்துக்கொண்டு உடலை வயல் ஓரத்தில் போட்டால் கழுகுகள் வரும். பொன்னிறக் கழுகும் வெண்தலைக் கழுகும் இப்படி ஈய நஞ்சால் சாவது நன்றாகத் தெரிந்த விஷயம். உடலைப் புதையுங்கள். உறைந்த மண்ணில் புதைக்க வழியில்லை என்றால் ஈயமில்லாத குண்டுக்குப் போங்கள். பார்ன்ஸ் நிறுவனத்தின் வார்மின்ட் கிரனேட் செம்பும் வெள்ளீயமும் கலந்த தூளை உள்ளே அடைத்துச் செய்தது; .204க்கு 26 கிரெய்ன், .223க்கு 36 கிரெய்ன். அதுவும் உள்ளே பொடியாகும், ஆனால் எடை குறைவு என்பதால் தூரத்தில் வேகம் சீக்கிரம் விழும். 150 கஜத்துக்குள் சுடுகிறவருக்குத் தயங்காமல் சொல்வேன். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது, அங்கே தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

எந்தத் துப்பாக்கிக்கு என்ன

ரிம்ஃபயர் (அடிப்பக்க விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும்) தோட்டாக்களை முதலில் முடித்துவிடலாம். .22 எல்ஆர் மரத்தில் ஏறிய ரக்கூனுக்கும், கண்ணியில் பிடிபட்ட விலங்கைத் துன்பமில்லாமல் முடிப்பதற்கும் சரி. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. .17 எச்எம்ஆர் 2002இல் வந்தது. 17 கிரெய்ன் குண்டு, 2550 அடி. தட்டையாகப் போகும், குறி பிசகாது, நரிக்கு நூறு கஜம்வரை நல்ல தோட்டா. அந்தக் குறிதான் ஆட்களை ஏமாற்றுகிறது. 100 கஜத்தில் அதனிடம் மிச்சமிருக்கும் சக்தி, .22 எல்ஆர் குழல் வாயில் வைத்திருக்கும் சக்திக்கு ஏறக்குறைய சமம். அதை வைத்துக்கொண்டு கொயோட்டியைச் சுடுவது சரியில்லை. தோலில் ஓட்டை சின்னதாக இருக்கும்தான். ஆனால் தோல் உங்கள் கைக்கு வராது.

.22 ஹார்னெட் 1930களிலிருந்து உரோம வேட்டைக்காரர்களின் துப்பாக்கி. சத்தம் குறைவு, வேகம் மிதமானது, 35 முதல் 45 கிரெய்ன் குண்டு. 150 கஜத்துக்குள் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. அதே பித்தளைத் தோட்டாக் கூட்டிலிருந்து வந்த .17 ஹார்னெட்டை 2012இல் ஹார்னடி கொண்டுவந்தது: 20 கிரெய்ன், 3650 அடி. நரியும் பாப்கேட்டும்தான் உங்கள் முக்கியக் குறி என்றால் இதற்கு மேல் தேட வேண்டாம். உள்ளே போன துளையை உரோமத்தை விலக்கித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், வெளியேறுவது அரிது. உதை இல்லாததால் குண்டு படுவதைத் தொலைநோக்கி வழியாகவே பார்க்கலாம். எங்கே பட்டது என்று அப்போதே தெரிந்தால், இரண்டாவது தோட்டா தேவையா என்பதும் அப்போதே தெரியும். கொயோட்டிக்கு நூற்றைம்பது கஜம்வரை, பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும். புல்வெளிக் காற்று வேகமாக அடிக்கும் நாளில் 20 கிரெய்ன் குண்டை நம்பித் தூரத்தில் சுடக் கூடாது.

.17 ரெமிங்டன் 1971இலிருந்து இருக்கிறது. 25 கிரெய்ன், 4000 அடிக்கு மேல். தோலைக் காப்பதில் அதன் புகழ் நியாயமானதே. ஆனால் அந்த மெல்லிய குழலில் செம்புக் கறை சீக்கிரம் படியும், அடிக்கடி துடைக்க வேண்டும், தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது. தானே தோட்டா நிரப்பத் தெரிந்தவருக்குப் பொக்கிஷம். மற்றவர்கள் .204 பக்கம் போகலாம்.

இனி .223. 1964இல் ரெமிங்டன் வெளியிட்டது, இன்றைக்குக் கனடாவின் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், விலை மற்றவற்றைவிடக் குறைவு. ஒரே துப்பாக்கி வாங்கப் போகிறீர்கள், கொயோட்டி முதன்மை, நரி எப்போதாவது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். குண்டு 50 முதல் 55 கிரெய்ன் வி-மேக்ஸ் வகை. 40 கிரெய்ன் புதர்க்காட்டு வேட்டைக்கு. 60க்கு மேலே போகும் கனமான குண்டுகள் காற்றில் நன்றாக நிற்கும், ஆனால் பெரும்பாலும் வெளியேறும். தோல் வேண்டுமென்றால் அவை வேண்டாம்.

.223 வைத்திருப்பவர்கள் குழலின் ட்விஸ்டையும் (குண்டைச் சுழற்ற உள்ளே வெட்டிய வரிகளின் முறுக்கு) பார்க்க வேண்டும், இதைப் பற்றிக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. கையால் தாழ் இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய போல்ட் துப்பாக்கிகளில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஏஆர் வகையில் பெரும்பாலும் 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 3240 அடி வேகத்தில் முதலாவதில் குண்டு நிமிடத்துக்கு 1,94,000 முறை சுழலும், 7 அங்குல ட்விஸ்டில் 3,33,000 முறை. வேகமாகச் சுழலும் மெல்லிய குண்டு பட்டதும் இன்னும் வேகமாகச் சிதறும். அதே பெட்டித் தோட்டா உங்கள் நண்பரின் துப்பாக்கியில் நெஞ்சுக்குள் நின்று, உங்களுடையதில் ஸ்ப்ளாஷ் ஆனால் காரணம் இதுவாக இருக்கலாம். 7 அங்குல ட்விஸ்ட் உள்ளவர்கள் 40ஐ விட்டுவிட்டு 53, 55க்குப் போவது நல்லது.

.22-250ஐப் பலரும் தோலுக்கு எமன் என்பார்கள். முழு நியாயமில்லை. 55 கிரெய்ன் குண்டு 3680 அடியில் கிளம்பி, 200 கஜத்தில் 2870 அடியில் போகிறது. .223இன் 100 கஜ வேகமும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது 200 கஜத்தில் .22-250 செய்யும் ஓட்டை, 100 கஜத்தில் .223 செய்யும் ஓட்டைதான். திறந்த வயலில் தூரத்தில் மட்டும் சுடுகிறவருக்கு .22-250 தோலைக் கெடுக்காது. ஆனால் கூப்பிட்டால் கொயோட்டி எவ்வளவு தூரத்தில் வந்து நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 40 கஜத்தில் வந்து நின்றுவிட்டால் அந்த வேகம் தாறுமாறான சேதம் செய்யும். .243ம் அப்படியே, இன்னும் ஒரு படி கூட. மானுக்காக வாங்கிய .243 கையில் இருக்கிறதென்றால் அதை வைத்துச் சமாளிக்கலாம், தோலுக்காக அதைத் தேடி வாங்க வேண்டாம்.

கிழக்கு மாநிலங்களின் அடர்ந்த காட்டில், 40 கஜத்துக்குள் எல்லாம் முடிகிற இடத்தில், ரைஃபிளை வைத்துவிட்டு 12 போர் ஷாட்கன் (ஒரே வெடியில் பல சிறு குண்டுகளை வீசும் துப்பாக்கி) எடுப்பவர்கள் செய்வது சரியான காரியம். பல துளைகள் விழும், ஆனால் எல்லாம் சின்னவை.

எங்கே படுகிறது

எவ்வளவு நல்ல குண்டானாலும் தோளில் பட்டால் கிழிக்கும், சாய்வாக உரசினால் நீளமாகக் கிழிக்கும். கூப்பிட்டு வரும் கொயோட்டி பெரும்பாலும் நேராக உங்களைப் பார்த்துத்தான் வரும். அந்த நிலையில் நெஞ்சு நடுவில் சுட்டால் குண்டுக்கு முன்னால் உடலின் முழு நீளம் இருக்கிறது, மெல்லிய குண்டு வெளியேற வாய்ப்பே இல்லை. தோலுக்கு இதைவிட நல்ல நிலை கிடையாது. பக்கவாட்டில் நின்றால் தோளுக்குச் சற்றுப் பின்னால், உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. கோணலாக நின்றால் காத்திருங்கள், குரல் கொடுத்தால் திரும்பும். தலையைச் சுடுவது தோலுக்கு நல்லதுதான், ஆனால் தலை சின்னது, சதா அசைகிறது. தாடை உடைந்த விலங்கு ஓடினால் பட்டினியில்தான் சாகும்.

பாப்கேட் தனிக் கதை. அதன் விலை வயிற்றில் இருக்கிறது. வெள்ளை உரோமத்தில் கரும்புள்ளிகள் தெளிவாக விழுந்த அந்த அகலமான வயிற்றுப் பட்டைக்குத்தான் வாங்குகிறவர் காசு கொடுக்கிறார். அங்கே ஒரு கிழிசல் விழுந்தால் முதுகில் விழுவதைவிடப் பல மடங்கு நட்டம். அதன் விலா மெல்லியது, தோல் மெல்லியது, பொதுவாக அவசரமில்லாமல் வந்து உட்கார்ந்து பார்க்கும் விலங்கு. ஆகவே .17 ஹார்னெட்டோ .204இன் 32 கிரெய்னோ எடுத்து, நெஞ்சின் நடு உயரத்தில், வயிற்றுக் கோட்டிலிருந்து தள்ளிச் சுடுங்கள். .223தான் இருக்கிறது என்றால் அது உங்களைப் பார்த்துத் திரும்பும்வரை பொறுங்கள்.

சுட்ட பிறகு

ஓட்டை விழுந்துவிட்டது என்றாலும் அதைப் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டையில் உடனே பஞ்சோ காகிதத் துணியோ திணியுங்கள், மூக்கிலிருந்து ரத்தம் வடிந்து கழுத்து உரோமத்தில் காயாமல் முகத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டுங்கள். கறை பட்டால் குளிர்ந்த தண்ணீர் மட்டும், வெந்நீர் ஊற்றினால் ரத்தம் உரோமத்தில் பிடித்துக்கொள்ளும். பின்கால் முதல் பின்கால்வரை கீறி முழுத்தோலாக உருவிய பிறகு, பலகையில் மாட்டும் முன்பே சதைப்பக்கத்திலிருந்து தையுங்கள். மாட்டி இழுத்த பிறகு தைக்க நினைத்தால் சின்னத் துளையும் நீள்வட்டமாக விரிந்திருக்கும். இரண்டு விரல் அகலத்துக்குள் இருக்கும் கிழிசலை மெழுகு நூலில் நெருக்கமாகத் தைத்தால், உரோமத்தைப் புரட்டிப் பார்க்கிறவர் கண்ணுக்கே தட்டுப்படாது.

குண்டு மாற்றினால் துப்பாக்கியை மறுபடி ஜீரோ செய்ய வேண்டும் (குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்வது). 55இலிருந்து 40க்கு மாறினால் 100 கஜத்தில் குறி அங்குலக் கணக்கில் நகரும், அந்த ஓர் அங்குலம்தான் விலாவுக்கும் தோள் எலும்புக்கும் உள்ள இடைவெளி. முடிந்தால் குளிர் நாளிலேயே சரிபாருங்கள், ஏனென்றால் உறைநிலைக்கு வெகு கீழே பல வெடிமருந்துகளின் வேகம் குறையும். ஒவ்வொரு தோலையும் உரித்ததும் தூரம், கோணம், உள்ளே போன துளை, வெளியேறியதா இல்லையா என்று நாலு வார்த்தை குறித்து வையுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் அந்தக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். கிழிசல் எல்லாம் 80 கஜத்துக்குள் என்றால் சற்றுக் கனமான அல்லது மெதுவான தோட்டாவுக்குப் போங்கள். எல்லாம் 200க்கு அப்பால், மறுபக்கத்தில் என்றால் இன்னும் மெல்லிய உறைக்குப் போங்கள். இரண்டுமே இல்லாமல் தோளில் மட்டும் கிழிகிறது என்றால் பெட்டியை மாற்றத் தேவையில்லை, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போங்கள்.